ஆற்றங்கரை நடைபாதையும் கேட்கப்படாத குரல்களும்

ஆற்றங்கரையில் மக்கள் நடந்து செல்வதற்கு ஒரு பாதை அமைக்கப்படப் போகின்றது என்றால் அதனை எவரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. வாகனப் புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவே வீதியோரத்தில் நடக்க வேண்டிய நிலையிலுள்ள நகரவாசிக்கு, மரநிழலில் நீரோட்டத்தைப் பார்த்தவாறு அரைமணி நேரம் நடக்கக் கிடைப்பது ஒரு வரப்பிரசாதமே. ஆயினும், ஒரு நடைபாதையின் வரைபடம் வேறு சில விடயங்களையும் சேர்த்தே தீர்மானித்து விடுகின்றது. ஆற்றங்கரை நிலம் இனி எதற்குப் பயன்படும், அங்கு எவர் வரலாம், அங்கிருந்து எவர் விலக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவ்வரைபடத்திலேயே விடை எழுதப்பட்டு விடுகின்றது. அந்த விடைகள் எழுதப்படும்போது கரையோர மக்களிடம் கேட்கப்படுகின்றதா என்பதும், கேட்கப்படுமாயின் அது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதும் சிந்திக்கப்பட வேண்டியவையாகும்.

நமது நாட்டில் நடைபாதைகள் பெருகியது 2010 ஆம் ஆண்டிற்குப் பின்னரேயாகும். நகர அபிவிருத்தி அதிகாரசபை அவ்வாண்டில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டு வரப்பட்டது. அதனைத் தொடர்ந்து சுதந்திர சதுக்கத்தைச் சூழவும், பாராளுமன்றத்தை அண்டிய தியவன்னா ஓயாக் கரையிலும், பெல்லன்வில பகுதியிலும் நடைபாதைகள் அமைந்தன. காலையிலும் மாலையிலும் அங்கு நடப்பவர்களைப் பார்ப்போருக்கு இவற்றின் பயன் கண்கூடு. தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் பெருமளவில் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நீரிழிவு, இருதய நோய் போன்ற தொற்றாத நோய்களே நாட்டில் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாக உள்ள நிலையில், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது உடலுக்கு மிதமான பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகின்றது. வைத்தியர் நடக்கச் சொல்லுகின்றார். நடப்பதற்கு இடமில்லை என்பதே நமது நகரங்களில் வாழும் பலரது, குறிப்பாகப் பெண்களது, முறைப்பாடாக இருக்கின்றது.

எனவே நடைபாதைகள் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் இதுகாலவரை அமைந்த பாதைகள் எங்கே, எந்த அகலத்தில், எவருடைய தேவைக்காக அமைய வேண்டும் என்பவை பெரும்பாலும் மேலிருந்தே தீர்மானிக்கப்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனோடு வந்த பெருவெள்ளமும் 600க்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டன. களனி கங்கையின் கீழ்ப்பகுதியும் மகாவலியின் கரையிலுள்ள கம்பளை போன்ற நகரங்களும் நீரில் மூழ்கின. ஆற்றங்கரை நிலத்தை இனி எவ்வாறு பேணுவது என்ற கேள்வி இதனால் மீண்டும் முன்னுக்கு வந்துள்ளது. வெள்ளத்துக்கு இடம்விட வேண்டும், கரையைத் திறந்தவெளியாக வைத்திருக்க வேண்டும், அதிலே பாதையும் பூங்காவும் அமைக்க வேண்டும் என்ற யோசனைகள் நியாயமானவையே. அதனாலேயே, மக்கள் கருத்துக் கேட்பு என்பது உண்மையில் என்ன என்பதை நாம் இப்போதே அறிந்து வைத்திருக்க வேண்டியது அவசியமாகின்றது.

அறிவித்தலும் கேட்டலும்

ஒரு திட்டத்தைப் பற்றி மக்களுக்கு அறிவிப்பது வேறு. அது பற்றி மக்களிடம் கேட்பது வேறு. மண்டபமொன்றில் மக்களைக் கூட்டி, திரையில் வர்ணப் படங்களைக் காட்டி, இறுதியில் 'ஏதாவது கேள்விகள் உண்டா' என வினவிக் கூட்டத்தை முடித்து வைப்பது அறிவித்தல் மாத்திரமே. கேட்டல் என்பது, பதிலைப் பொறுத்துத் திட்டம் மாறக்கூடிய நிலையில் இருக்கும்போது கேட்பதாகும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்த நீதிமன்றத் தீர்ப்பொன்று இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. இலண்டன் மாநகரின் பிரென்ட் பகுதியில் பாடசாலைகளை மூடுவது தொடர்பாக உள்ளூராட்சி சபை நடத்திய கருத்துக் கேட்பை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. கனிங் வழக்கு என அறியப்படும் அதில் நான்கு நியதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. முதலாவது, திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கருத்துக் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது, மக்கள் சிந்தித்துப் பதிலளிக்கக் கூடியவாறு திட்டத்துக்கான காரணங்களும் விபரங்களும் போதுமான அளவில் தரப்பட வேண்டும். மூன்றாவது, பதிலளிப்பதற்குப் போதிய கால அவகாசம் வழங்கப்பட வேண்டும். நான்காவது, கிடைத்த கருத்துக்கள் இறுதி முடிவின்போது மனச்சாட்சியுடன் பரிசீலிக்கப்பட வேண்டும்.

2014 ஆம் ஆண்டில் ஹரிங்கே சபைக்கு எதிரான வழக்கொன்றில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் இந்நியதிகளை ஏற்று உறுதிப்படுத்தியது. மாற்று வழிகள் இருந்தும் அவற்றைப் பற்றி எதுவும் கூறாது, தான் விரும்பிய வழியை மாத்திரம் மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டது சட்டத்துக்கு முரணானதென அத்தீர்ப்பு கூறியது. இவை நமது நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. எனினும், எந்த நாட்டு மக்களும் தம்மிடம் நடத்தப்படும் கருத்துக் கேட்பு உண்மையானதா என அளந்து பார்ப்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் கிடைப்பது அரிது.

ஆற்றங்கரை நடைபாதைக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால் பொருள் தெளிவாகும். ஒப்பந்தகாரர் தெரிவு செய்யப்பட்டு, எல்லைக் கற்களும் நடப்பட்ட பின்னர் கூட்டப்படும் கூட்டம் முதலாவது நியதியிலேயே தவறிவிடுகின்றது. பாதையின் அகலம், உயரம், எல்லை, அதனால் பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை ஆகியன இல்லாத வர்ணப்படம் இரண்டாவதில் தவறுகின்றது. புதன்கிழமை ஒட்டப்பட்டு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அழைக்கும் அறிவித்தல் மூன்றாவதில் தவறுகின்றது. எவர் என்ன கூறினார், அதற்கு என்ன பதில், எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்ற அறிக்கை வெளிவராவிடின் நான்காவதும் இல்லாமற் போகின்றது.

சபர்மதி தரும் பாடம்

கேட்காமல் அமைக்கப்படும் கரை எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதை அறிய நாம் அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. குஜராத் மாநிலத்தின் அஹமதாபாத் நகரின் நடுவே ஓடும் சபர்மதி ஆறு, மகாத்மா காந்தியின் ஆச்சிரமம் காரணமாக நமக்கெல்லாம் அறிமுகமான பெயர். அந்நகரின் மாநகராட்சி 1997 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு நிறுவனத்தை உருவாக்கி, இரு கரைகளிலும் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நீளத்துக்கு நடைபாதைகளும் பூங்காக்களும் அமைக்கத் திட்டமிட்டது. 2005 ஆம் ஆண்டில் கட்டுமானப் பணிகள் ஆரம்பமாகின. 2012 ஆம் ஆண்டில் நடைபாதையின் பகுதிகள் மக்களுக்குத் திறந்து விடப்பட்டன.

அத்திட்டத்தின் நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. நகரின் கழிவுநீர் நேரடியாக ஆற்றில் கலப்பதைத் தடுக்கக் குழாய்கள் பதிக்கப்பட்டன. முன்னர் எவரும் அணுக விரும்பாத கரையில் இன்று சகல தரப்பினரும் மாலை வேளையில் உலாவுகின்றனர். ஆனால் அக்கரையில் பல தசாப்தங்களாக வாழ்ந்து வந்த குடும்பங்கள் 10,000க்கும் மேற்பட்டவை. அவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களும் தலித் மக்களுமாவர்; நகரின் உழைப்பாளர்கள். ஆற்றங்கரையில் நிகழவிருந்த மாற்றம் பற்றிய உரிய விபரங்கள் அவர்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டு, 2005 ஆம் ஆண்டில் குஜராத் உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே மாற்று வீடுகள் பற்றிய பேச்சு உரிய முறையில் ஆரம்பமாகியது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன என்பது உண்மை. அதேவேளை நகரின் எல்லைப்புறங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், நாட்கூலிக்கு உழைக்கும் இடத்துக்குச் செல்வதற்கே கூலியின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியவர்களாயினர்.

அந்த ஆற்றங்கரையில் ஞாயிறு தோறும் கூடும் பழைய சந்தையொன்றும் இருந்தது. நகரை நிறுவிய சுல்தான் அஹமத் ஷாவின் காலத்திலிருந்து, அதாவது 15 ஆம் நூற்றாண்டிலிருந்து, அது நடைபெற்று வருவதாகக் கூறப்படுகின்றது. புதிய வரைபடத்தில் தமக்குரிய இடம் கேள்விக்குள்ளாவதைக் கண்ட வியாபாரிகள் தமது சங்கத்தின் மூலம் நீதிமன்றம் சென்றனர். மாற்று வரைபடங்களையும் முன்வைத்தனர். இறுதியில் சந்தைக்குக் கரையோரத்திலேயே இடம் கிடைத்தது. ஒன்றிணைந்து, எழுத்தில், காலம் தாழ்த்தாது பேசியவர்களுக்குக் கிடைத்த இந்தப் பலன், தனித்தனியே முறையிட்டவர்களுக்குக் கிட்டவில்லை என்பது கவனத்திற்குரியது.

வாக்குறுதியின் ஆயுளைப் பற்றி அறியத் தென்கொரியத் தலைநகர் சியோலின் அனுபவம் உதவும். அங்கு சொங்கேசொன் என்ற ஓடையின் மேல் அமைந்திருந்த உயர் நெடுஞ்சாலை 2003 ஆம் ஆண்டில் இடிக்கத் தொடங்கப்பட்டது. 2005 ஒக்டோபரில் சுமார் 5.8 கிலோமீற்றர் நீளமான ஓடை, கரையோர நடைபாதைகளுடன் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து நகரத் திட்டமிடலாளர்கள் சென்று பார்வையிடும் இடமாக அது இன்று விளங்குகின்றது. அவ்விடத்தில் பழைய பொருட்களை விற்று வந்த நடைபாதை வியாபாரிகளுக்கு, அண்மையிலிருந்த விளையாட்டரங்கொன்றில் இடம் வழங்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த விளையாட்டரங்கும் இடிக்கப்பட, அவர்கள் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. மாற்றிடம் தருவோம் என்ற வாக்குறுதி எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

நமது சட்டம் என்ன கூறுகின்றது?

இனி நமது நாட்டின் நிலையை நோக்குவோம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 ஆம் ஆண்டில் கொண்டு வரப்பட்ட திருத்தம், பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அம்மதிப்பீட்டு அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்கள் தமது கருத்துக்களை எழுத்தில் சமர்ப்பிக்க 30 நாட்கள் வழங்கப்பட வேண்டும். எத்திட்டங்களுக்கு இது பொருந்தும் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானி அறிவித்தல் வரையறுத்தது.

ஆனால் அப்பட்டியலில் நடைபாதை என்ற ஒன்று இல்லை. அத்திட்டத்தினால் 100க்கும் அதிகமான குடும்பங்கள் மீளக் குடியமர்த்தப்படுமாயின், அல்லது 4 ஹெக்டெயருக்கு மேற்பட்ட ஈரநிலம் நிரப்பப்படுமாயின் அது பட்டியலுக்குள் வரலாம். அவ்வாறு வந்தாலும், முழுமையான மதிப்பீட்டுக்குப் பதிலாக ஆரம்பச் சுற்றாடல் ஆய்வொன்றே போதுமென அதிகாரிகள் தீர்மானித்தால், 2000 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் அவ்வறிக்கை பற்றி மக்கள் கருத்தைக் கோர வேண்டிய கடப்பாடு இல்லை. பொது ஆவணமாக அதனைப் பார்வையிடலாம் என்பது மட்டுமே எஞ்சுகின்றது. ஆகவே 90 குடும்பங்களை அகற்றும் ஒரு நடைபாதைக்கு, கருத்துக் கேட்பு நடத்துமாறு சுற்றாடல் சட்டம் எவரையும் நிர்ப்பந்திக்காது போகலாம்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடிய சட்டமொன்று நம்மிடம் உண்டு. ஆனால் அதன் இப்பகுதியை அறிந்தவர்கள் மிகச் சிலரே. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, ஒரு திட்டம் ஆரம்பிக்கப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, அது பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும் குறிப்பாக அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிப்பது விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமையாகும். வெளிநாட்டு நிதியிலான திட்டமாயின் அதன் பெறுமதி ஓர் இலட்சம் அமெரிக்க டொலரை விஞ்ச வேண்டும். உள்நாட்டு நிதியாயின் ஐந்து இலட்சம் ரூபாவை விஞ்ச வேண்டும். ஐந்து இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த செலவில் இன்று எந்த ஆற்றங்கரைப் பாதையும் அமைய முடியாது. அவசரத் திட்டங்களுக்கு இக்காலம் ஒரு வாரமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அவசரம் என்ற சொல் எல்லாத் திட்டத்துக்கும் போர்வையாகி விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மக்களின் பொறுப்பாகும்.

இதே சட்டத்தின் கீழ் எந்தவொரு பிரஜையும் குறித்த சபையின் அல்லது திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் வரைபடத்தையும் செலவு மதிப்பீட்டையும் கோரலாம். தகவல் வழங்கப்படுமா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். இறுதியாகத் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு வரை செல்லலாம்.

காணி உறுதி இல்லாதவர்கள் தமக்கு எந்த உரிமையும் இல்லையென எண்ணி ஒதுங்கி விடுவதுண்டு. கொழும்பில் 'தோட்டம்' என அழைக்கப்படும் கால்வாயோரக் குடியிருப்புகளிலும், ஆற்றொதுக்கு நிலங்களிலும் வாழ்வோரின் மனநிலை பெரும்பாலும் இதுவே. ஆனால் 2001 ஆம் ஆண்டில் அமைச்சரவை அங்கீகரித்த, விருப்பத்துக்கு மாறான மீள்குடியமர்த்தல் தொடர்பான தேசியக் கொள்கை, பாதிக்கப்படுவோரிடம் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்கின்றது. ஆவண உரித்து இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என அது கூறுகின்றது. ஆற்றின் கரையில் வாழ்வது ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. களனி கங்கையின் வெள்ளத் தடுப்பணைக்கும் ஆற்றுக்கும் இடையில் வாழும் குடும்பங்கள் அதனை நம் எல்லோரையும்விட நன்கறிவர். அகற்றப்படுவதா இல்லையா என்பதோடு, எங்கே, எப்போது, என்ன ஏற்பாட்டுடன் என்பதும் அவர்களிடம் கேட்கப்பட வேண்டிய விடயமாகும்.

மொழியும் நேரமும்

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை கேட்கப்படும் மொழியும் ஒரு பிரச்சினையாகும். சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட அறிவித்தல் பலகை, தமிழ் வாசகருக்கு அறிவித்தலே அல்ல. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே பதிலைப் பெறவும் உரித்துடையவர். அதேபோன்று தமிழ் நிர்வாக மொழியாக உள்ள வடக்கு, கிழக்கில் வாழும் சிங்கள மக்களுக்கும் தமது மொழியில் அலுவல் பார்க்கும் உரித்துண்டு. இவ்வுரிமை மறுக்கப்படுமாயின் 1991 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். தமிழில் எழுதிய கடிதத்தை வாங்க மறுக்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பதை நமது வாசகர்கள் மனதிற் பதித்துக் கொள்வார்களாக.

கூட்டம் நடைபெறும் நேரமும் இடமும் கூட எவர் பேசுவார், எவர் பேசமாட்டார் என்பதைத் தீர்மானிக்கின்றன. வேலை நாளின் முற்பகல் பத்து மணிக்குக் கூட்டினால் நாட்கூலி பெறுபவர் வரமாட்டார். வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டினால் முஸ்லிம் ஆண்கள் ஜும்ஆத் தொழுகையில் இருப்பர். நோன்பு காலத்து மாலை நேரமும் பொருந்தாது. இரவுக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவது அரிது. பிரதேச செயலகத்தில் ஒரே கூட்டத்தை நடத்தி முடிப்பதிலும் பார்க்க, பள்ளிவாசல், கோயில், பாடசாலை, சந்தை என மக்கள் கூடும் இடங்களுக்குச் சென்று கேட்பதே பொருத்தமானது. பெண்களிடம் தனியாகக் கேட்கவும் ஏற்பாடு வேண்டும். ஏனெனில், அந்தி சாய்ந்த பின்னர் அப்பாதையில் நடக்கலாமா, எங்கே விளக்கு வேண்டும், எந்த வளைவு மறைவானது, மலசலகூடம் எங்கே அமைய வேண்டும் என்பவற்றை ஆண்களைவிட அவர்களே துல்லியமாகக் கூறக்கூடியவர்கள்.

நம் பக்கத்துக் குறைகளையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்துக் கேட்பு என்றால் 'எல்லாம் முடிவெடுத்த பின் ஆடும் நாடகம்' என்று கூறி ஒதுங்கிக்கொள்வது நமது சமூகங்களிடையே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்குக் கசப்பான அனுபவங்கள் காரணமாக இருக்கலாம். ஆயினும், வேலி போடப்பட்ட பின்னர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதால் வேலி நகர்வதில்லை. சமூகத்தின் சார்பில் பேசுவதாகக் கூட்டத்துக்குச் செல்லும் ஒருசில பிரமுகர்கள், ஆற்றில் துணி துவைப்பவரிடமோ, தோணி கட்டும் மீனவரிடமோ, கரையில் தேநீர்க் கடை நடத்துபவரிடமோ ஒரு வார்த்தையேனும் கேட்டுவிட்டுச் செல்வதில்லை என்பதும் உண்மையே.

என்ன கேட்க வேண்டும்?

கருத்துக் கேட்பு அறிவித்தலொன்று வெளிவந்தால் மக்கள் முதலில் செய்ய வேண்டியது, பாதையை ஒருமுறை நேரில் நடந்து பார்ப்பதாகும். காலையில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் நடந்து பார்த்தால் வரைபடத்தில் தெரியாத பல விடயங்கள் தெரியவரும். அதன்பின் எழுப்ப வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

வெள்ளம் வரும்போது பாதை என்னவாகும் என்பது முதற் கேள்வியாகும். கரை நெடுகிலும் சீமெந்துச் சுவர் எழுப்பினால் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கலாம். ஆனால் மழைநீர் ஆற்றுக்கு வடிவதை அச்சுவரே தடுத்து, உட்புறத்துத் தாழ்நிலங்களை மூழ்கடிக்கவும் கூடும். நீர் ஊறிச் செல்லக்கூடிய தளமும், போதிய வடிகால்களும், வெள்ளத்தில் மூழ்கினாலும் பெயராத அமைப்புமே ஆற்றங்கரைக்கு உகந்தவை. கரையோரத்து மருத மரங்களும் மூங்கில்களும் தம் வேர்களால் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றை வெட்டிவிட்டு அழகுச் செடிகளை நடுவது, கரையை ஆற்றுக்கே தாரைவார்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, இப்போது அக்கரையைப் பயன்படுத்துவோருக்கு என்ன இடம் என்பதாகும். படித்துறையும், தோணித்துறையும், குளிக்கும் இடமும் வரைபடத்தில் உண்டா? பரம்பரையாகக் கோயில் தீர்த்தத்துக்கு இறங்கும் வழியும், பள்ளிவாசலுக்குச் செல்லும் குறுக்குப் பாதையும் திறந்திருக்குமா? பாதைக்கு வாயில் போடப்படுமாயின் அது எத்தனை மணிக்குத் திறக்கப்படும்? அதிகாலைத் தொழுகை முடித்து நடக்க வருபவரும், காலைச் சந்தைக்குப் போகின்றவரும் பூட்டிய வாயிலின் முன் நிற்க நேருமா? நுழைவுக் கட்டணம் அறவிடப்படுமா?

மூன்றாவது, சக்கர நாற்காலியில் வருபவரும், முதியவரும், குழந்தை வண்டி தள்ளும் தாயும் அங்கு செல்ல முடியுமா என்பதாகும். பொதுக் கட்டடங்களிலும் இடங்களிலும் மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகு வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டிலேயே வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. இரண்டு படிக்கட்டுகளுக்குப் பதிலாக ஒரு சாய்தளம் அமைப்பது பெரிய செலவல்ல. வரைபடக் கட்டத்திலேயே கேட்டால் மாத்திரம்.

நான்காவது, திறப்பு விழாவுக்குப் பின்னர் பராமரிக்கப் போவது யார் என்பதாகும். விளக்கு எரியாது, குப்பை அள்ளப்படாது, கற்கள் பெயர்ந்து கிடக்கும் பாதையில் முதலில் நடப்பதை நிறுத்துபவர்கள் பெண்களும் முதியவர்களுமே. நகர அபிவிருத்தி அதிகாரசபை அமைத்து, உள்ளூராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கும் ஒரு பாதைக்கு, அம்மன்றத்தின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு உண்டா எனக் கேட்பது அவசியம்.

இக்கேள்விகளை வாய்மொழியாகக் கேட்பதோடு நின்றுவிடாது, எழுத்திலும் சமர்ப்பிக்க வேண்டும். பலர் கையொப்பமிட்ட ஒரே கடிதத்திலும் பார்க்க, ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தை எழுதும் சிறு கடிதங்கள் அதிகம் பயன் தரும். பதிவுத் தபாலில் அனுப்பி அதன் பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்துடன் முடிவடைந்த பின், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்களால் தெரிவு செய்யப்பட்ட எவரும் அங்கு இருக்கவில்லை. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் அந்நிலை மாறியுள்ளது. உங்கள் வட்டாரத்து உறுப்பினர் யாரென்பதை அறிந்து, கடிதத்தின் பிரதியொன்றை அவரிடமும் கையளியுங்கள். ஆளும் தரப்பாயினும் எதிர்த்தரப்பாயினும், சபையில் அக்கேள்வியை எழுப்பும் கடமை அவருக்குண்டு.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். கருத்துக் கேட்பினால் வேலை தாமதமாகும் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் சபர்மதியில் கேட்கத் தவறியது நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில் முடிந்தது. கேட்டறிந்து அமைக்கப்படும் பாதையை மக்கள் தம்முடையதாகக் கருதிப் பாதுகாப்பர். கேட்காது அமைக்கப்படும் பாதையைப் பாதுகாக்கக் காவலாளி தேவைப்படுவார்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பார்கள் நம் முன்னோர். ஆற்றங்கரையில் போடப்படும் பாதைக்கும் அது பொருந்தும். அளவுகோல் பொறியியலாளரின் கையில் மாத்திரம் இருக்கலாகாது. கரையில் நீண்டகாலம் வாழ்ந்து, ஆறு எந்த மாதத்தில் எவ்வளவு உயரும் என்பதைத் தன் வீட்டுச் சுவரில் பதிந்த நீர்த்தடத்தைக் கொண்டு சொல்லக்கூடியவரின் கையிலும் அது இருக்க வேண்டும். அவரிடம் கேட்கப்படாவிடின், கேட்கும்படி செய்யும் வழிகள் சட்டத்தில் உண்டு. அடுத்த முறை உங்கள் பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் இத்தகைய அறிவித்தலொன்றைக் கண்டால், வாசித்துவிட்டுக் கடந்து சென்று விடாதீர்கள். கருத்துக்களை ஏற்கும் இறுதித் திகதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னதாக உங்கள் மொழியில் ஒரு பக்கமேனும் எழுதி அனுப்புங்கள்.